ஓட்டை மெஷின்லதான்

காலைல இந்தச் சாக்குக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சு கண்ணு. இப்ப வெறுஞ்சாக்குதான். நீ காலை நல்லா நீட்டிக்கோ, மேல பட்டாலும் ஒண்ணும் ஆகாது. காலைல வர்றப்ப கண்டக்டர் இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டான். உள்ள என்னம்மா, தேங்காயான்னு கேட்டான். இல்லப்பா, கம்ப்யூட்டரு, கோர்ட்டுக்குப் போகுதுன்னேன். ஒரு மாதிரியாப் பாத்துட்டு முன்னால போயிட்டான்.

நீயும் அப்படிப் பாக்காத. நெசமாத்தான் சொல்றேன். ஈரோட்ல நுகர்வோர் கோர்ட்டு இருக்குதல்ல, அங்க போயிட்டுத்தான் வர்றேன். கேஸ் ஜெயிச்சாச்சு. ஏன், ஜெயிச்ச மூஞ்சியாத் தெரியலையா? வெயில்ல நின்னது, அதான் வாடிக் கெடக்குது.

என்ற பேரு வசந்தாமணி. கோபில பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, பாத்திரக்கடை மாடில, வேலவன் திருமணத் தகவல் மையம்னு ஒரு போர்டு பாத்திருப்பியே? பாத்ததில்லையா? பச்சை போர்டு. அது நாந்தான். என்ற வீட்டுக்காரர் ஆரம்பிச்சது. அவர் போனப்புறம் நானே பாத்துக்கறேன். எங்களுக்குக் கொழந்த குட்டி இல்ல. அதனால என்ன, இந்தப் பக்கம் எந்தக் கல்யாண மண்டபத்துக்குள்ள போனாலும் வாங்கம்மான்னு கூப்பிட நாலு பேர் இருந்தாங்க. இருந்தாங்கன்னுதான் சொல்றேன்.

இந்தத் தொழிலுக்கு முக்கியமானது எது தெரியுமா? நீ ஜாதகம்னு சொல்லுவ. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. அதெல்லாம் இல்ல. வாய். வாயக் கட்டணும். ஒவ்வொரு வீட்லருந்தும் வந்து எதிர்ல உக்காந்து, கதவச் சாத்திட்டு, என்னென்னமோ சொல்லுவாங்க. பெத்த தாய்கிட்டச் சொல்லாததெல்லாம் என்கிட்டச் சொல்லியிருக்காங்க. அதுல ஒண்ணு வெளிய போனதுண்டா? இப்ப சித்தோடு தாண்டுனமல்ல, அங்க ஒரு இரும்புக்கடைக்காரர் வீடு. பேரச் சொல்லமாட்டேன், அது தப்பு. மூத்த பையனுக்கு முன்மண்டைல ஒரு முடி கெடையாது. விக்கு வெச்சுத்தான் போட்டோவே எடுத்தது. தாலி கட்டற வரைக்கும் நான் மூச்சு விடலையே. இப்ப ரெண்டு புள்ளைங்க. அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கும் தெரியுமோ தெரியாதோ. அப்படிக் காப்பாத்தறவ நானு.

அதுக்குத்தான் கம்ப்யூட்டரே வாங்குனேன். முன்னெல்லாம் நோட்டுல எழுதுவோம். நோட்டுன்னா யாரு வேணும்னாலும் பெரட்டிப் பாத்துடலாம். கம்ப்யூட்டர்னா பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிடலாமேன்னு, ஈரோட்ல ஒரு கடைல நல்ல பிராசசராப் போட்டு வாங்குனேன். பிராசசர்னா அதோட மூளை. கடைக்காரத் தம்பி அப்படித்தான் சொன்னான். மூளை நல்லா இருந்தா மத்ததெல்லாம் தானா நடக்கும்மான்னான். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. வேலவன்னு சின்ன எழுத்துல அடிச்சு ஒரு புள்ளி வெக்கணும், அந்தப் புள்ளிதான் யாருக்கும் தோணாது.

சரி, சொல்ல வந்தத விட்டுட்டேன் பாரு. சொர்ணா.

சொர்ணாம்பாள்னு எனக்கொரு சிநேகிதி. ஒரே தெரு, ஒண்ணாப்புலருந்து ஒண்ணாப் படிச்சோம். ஒரே வருசத்துல கல்யாணம். என்ற வீட்டுக்காரர் போனன்னிக்கு என்ற தலையத் தூக்கி அவ மடில வெச்சுக்கிட்டவ, விடியற வரைக்கும் எடுக்கல. கால் மரத்துப் போய் ரெண்டு நாள் நொண்டுனா. சாயங்காலமானா கடைக்கு வந்துடுவா. கடலையோ பொரியோ ஒரு பொட்டலம் கைல இருக்கும். நான் பேசுவேன், அவ தின்னுக்கிட்டே கேப்பா. ஏ வசந்தா, உன்னைய ரேடியோ ஸ்டேஷன்ல வெச்சிருந்தா கரண்டே வேண்டாம்டின்னு கிண்டல் பண்ணுவா. கடையப் பூட்டிட்டு ரெண்டு பேரும் ஒண்ணா நடந்து வருவோம். அவ வீடு முதல்ல வரும். அங்க வாசல்ல நின்னு இன்னொரு கதை ஓடும். அவ வீட்டுக்காரர் உள்ளருந்து தொண்டையக் கனைச்சாத்தான் உடுவோம்.

அவளுக்கு ஒரே பொண்ணு. மோகனா. தங்கமான புள்ள. சின்ன வயசுல அதுக்கு வலிப்பு வந்துட்டு இருந்துச்சு. கோயமுத்தூர் டாக்டர்கிட்ட மாத்திரை சாப்பிட்டு, பத்தாவது படிக்கறப்பவே மாத்திரைய நிறுத்திட்டாங்க. அப்புறம் ஒரு தடவகூட வந்ததில்ல. அதொரு குத்தமா, சொல்லு? காய்ச்சல் வந்து போற மாதிரி வந்துட்டுப் போச்சு. ஆனா நம்ம சனங்கதான் தெரியுமே. அதனால சொர்ணா யாருக்கும் சொல்லல. அவ கொழுந்தன் வீட்டுக்கே தெரியாது. எனக்குத் தெரியும், அவ்வளவுதான். மோகனா ஜாதகத்த கம்ப்யூட்டர்ல ஏத்தறப்ப, குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல இதையும் போட்டு வெச்சேன். எதையும் மறைக்காம ஒரு எடத்துல எழுதி வெக்கறது என்ற வழக்கம். ஜாதகத்த அச்செடுத்துக் குடுக்கறப்ப அந்தக் கட்டம் வராது.

பெருந்துறைல ஒரு எடம் அமைஞ்சுது. நான் பாத்துக் குடுத்த எடந்தான். மாப்பிள்ளை இன்ஜினியர், மோகனாவ அவ்வளவு புடிச்சுப் போச்சு. நிச்சயத்துக்கு நாள் குறிச்சாச்சு. சொர்ணாவும் நானும் போய்ப் பொடவையெல்லாம் எடுத்துட்டு வந்தோம். அந்த வாரத்துலயே மாப்பிள்ளை வீட்லருந்து போன். பொண்ணுக்கு வலிப்பாமே, எங்ககிட்ட மறைச்சிருக்கீங்களேன்னு. டாக்டர் பேரு, எந்த வருசம் மாத்திரைய நிறுத்துனது, எல்லாம் சொல்றாங்க. பேசிப் பாத்தோம், நடக்கல. சொர்ணா என்கிட்ட வந்து, நீ யார்கிட்டடி சொன்னேன்னு கேட்டா. நான் ஏஞ்சாமி சொல்றேன்? நான் யார்கிட்டயும் சொல்லல. சத்தியமா, மெஷின்ல போட்டதோட சரி. அதச் சொன்னேன். அவ நம்பல. நடுத்தெருவுல, பால்காரர் நிக்கறாரு, எதுத்த வீட்டுப் பொம்பளைங்க நிக்கறாங்க, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, ஓட்டை வாயி, உன்ற ஓட்டை வாயால என்ற புள்ள வாழ்க்கை போச்சுன்னு சொல்லிட்டு உள்ள போய்க் கதவச் சாத்துனா. அன்னிக்குச் சாத்துனதுதான்.

நீயே சொல்லு கண்ணு. அந்தப் புள்ளைய நான் கெடுப்பனா? அது நோவு சரியானத நெனச்சு சந்தோசப்பட்டவளாச்சே நானு. ஒரு தடவ சென்னிமலைக்குப் போயிட்டிருக்கேன், பஸ்ல பக்கத்துல ஒரு பெரியம்மா. கண்ணுல தண்ணி. என்னங்கம்மான்னு கேட்டா, பேத்திக்கு வலிப்பாம், கோயில் கோயிலா அலையறாங்களாம். எனக்கு மனசு கேக்குமா? கையப் புடிச்சுக்கிட்டுத் தைரியம் சொன்னேன். அம்மா, என்ற சிநேகிதி மகளுக்கு இதே மாதிரிதான் இருந்துச்சு, இப்பப் பாருங்க, சுத்தமாப் போயி, இன்ஜினியர் மாப்பிள்ளையே அமைஞ்சிருக்குன்னு. அந்தம்மா மொகம் அப்படியே மலந்து போச்சு. டாக்டர் யாரு, எத்தன வருசம் மாத்திரைன்னு கேட்டாங்க, சொன்னேன். பேரு சொல்லல. பேரு எதுக்குச் சொல்றேன்? கோபில எந்தப் பக்கம்னு கேட்டாங்க, தெருவ மட்டுந்தான் சொன்னேன். அந்த மாதிரி நம்மனால ஒரு உசுருக்கு ஆறுதல் கெடைக்குதுன்னா அது புண்ணியந்தானே.

என்ன கேக்கற? அந்தம்மா எங்க எறங்குனாங்களா? பெருந்துறைலதான் எறங்குனாங்க. ஏன் கேக்கற?

என்ன, நெத்தியத் தேச்சுக்கற? தலைய வலிக்குதா? சன்னலச் சாத்தட்டுமா, காத்து மூஞ்சில அடிக்குது.

அதுக்கப்புறம் நான் பட்ட பாடு இருக்குதே. ஊருல ஒருத்தர் சொன்னா போதுமல்ல. கடைக்கு ஆள் வர்றது கொறஞ்சு போச்சு. வர்றவங்களும் ஜாதகத்த மட்டும் குடுத்துட்டு, வேற விசேசம் ஒண்ணுமில்லீங்கன்னு எந்திரிச்சுப் போயிடறாங்க. கதவ யாரும் சாத்தறதில்ல. அதுகூடப் பரவால்ல. சாயங்காலந்தான் ஆகமாட்டேங்குது. பூட்டிட்டுத் தனியா நடந்து வந்தா, அவ வீட்டுக்கிட்ட வர்றப்பக் காலு தானா நின்னுடும். உள்ள டிவி சத்தம் கேக்கும். சித்த நேரம் நிப்பேன். அப்புறம் என்ற வீட்டுக்கு வந்து லைட்டப் போட்டுட்டு உக்காந்துக்குவேன். சில நாள் காலைல பால்காரர்கிட்டப் பேசறதுதான் பேச்சு. அந்தாளும் சைக்கிள்ல ஒரு காலு வெச்சுக்கிட்டே கேப்பாரு.

அப்பத்தான் ஒரு நாள் பேப்பர்ல பாத்தேன். ஒலகம் பூரா கம்ப்யூட்டர் பிராசசர்கள்ல பாதுகாப்பு ஓட்டை, உள்ளே இருக்கற ரகசியங்கள் கசியும் ஆபத்துன்னு கொட்டை எழுத்துல. ஓட்டைன்னே போட்டிருந்தான் கண்ணு. அந்த வார்த்தையேதான். நான் அழுதுட்டேன். கீழ பிராசசர் பேரெல்லாம் வரிசையாப் போட்டிருந்தான். என்ற மெஷின்ல ஒட்டியிருந்த ஸ்டிக்கரோட வெச்சுப் பாத்தா, அதேதான். அப்ப ஓட்டை எங்க இருந்துச்சு? என்ற வாய்லயா இருந்துச்சு?

பேப்பரத் தூக்கிட்டு நேரா ஈரோட்டுக்குப் போனேன். கடைக்காரத் தம்பி நல்லவன்தான். அம்மா, அதுக்கு ஒட்டு வந்துடுச்சு, போட்டா அடைஞ்சுடும்னான். எனக்கு வந்துதே கோவம். ஏந்தம்பி, துணிக்குப் பேர்போன ஈரோட்ல இருந்துக்கிட்டு இப்படிப் பேசற, புதுச் சேலைல ஓட்டை இருந்தா ஒட்டுப் போட்டுக் குடுப்பியா, மாத்திக் குடுப்பியான்னு கேட்டேன். கடைல நின்னவங்கெல்லாம் சிரிச்சுட்டாங்க. நீ எல்லாத்துக்கும் காசு தர வேண்டாம், பொட்டி நல்லாத்தான் இருக்குது, டிவி மாதிரி இருக்குதே அதுவும் நல்லா இருக்குது, மூளைக்கு மட்டும் காசத் திருப்பிக் குடு, ஓட்டை இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுன்னேன். மூளைக்கு மட்டும் எப்படிம்மான்னு தலையச் சொறிஞ்சான். கம்பெனிக்கு எழுதிக் கேட்டான். ஒட்டுப் போட்டா போதும், பணமெல்லாம் யாருக்கும் தர்றதில்லன்னு அவிங்க பதில். சரி, கோர்ட்ல பாத்துக்கறேன்னு வந்துட்டேன்.

நுகர்வோர் கோர்ட்ல வக்கீல் வேண்டாம், நம்மளே பேசிக்கலாம்னு சொன்னாங்க. பேசறதுக்கு எனக்கு என்ன கஷ்டம்? எத்தனையோ வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்ப் பேசிட்டு வருவேன். உள்ளதச் சொன்னா, வாய்தா இருக்கற நாளு நல்லாத்தான் இருக்கும். நாலு பேர் நம்மளப் பேரு சொல்லிக் கூப்பிடறாங்க, உக்காரச் சொல்றாங்க, நாம சொல்றத ஒருத்தர் எழுதிக்கறாரு. கோர்ட்டு லீவுன்னா எனக்கு என்னமோ மாதிரி ஆயிடும்.

இன்னிக்குக் கடைசி விசாரணை. நேத்து சொர்ணா வீட்டு கேட்டுக்கிட்ட நின்னு சத்தமாச் சொல்லிட்டு வந்தேன். ஏ சொர்ணா, ஓட்டை எதுலன்னு நாளைக்குக் கோர்ட்டே சொல்லப் போகுது, வந்து உன்ற காதால கேட்டுக்கோன்னு. உள்ள டிவி ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. ஆனா பாரு, வந்துட்டா! நான் மெஷினத் தூக்கிட்டு உள்ள போறேன், கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கறா. எளைச்சுப் போயிட்டா. மோகனா கல்யாணமே வேண்டாம்னுட்டுத் திருப்பூர்ல வேலைக்குப் போறதா கேள்வி, அந்த நெனப்பாயிருக்கும். அவளப் பாத்ததும் எனக்கு மெஷின் கனமே தெரியல.

விசாரிக்கறவங்க ஒரு அம்மா. கண்ணாடி போட்டவங்க, பொறுமையானவங்க. நான் எல்லாத்தையும் சொன்னேன். மோகனா சங்கதிய மறைக்காம, டாக்டர்லருந்து பெருந்துறை போன் வரைக்கும் சொன்னேன். கேஸுன்னா சொல்லித்தானே ஆகணும். அந்தம்மா கேட்டுட்டு, சரிம்மா, இந்தக் கம்ப்யூட்டர்ல எந்தக் கம்பெனி இன்டர்நெட் வெச்சிருந்தீங்கன்னு கேட்டாங்க. நான் சொன்னேன், இன்டர்நெட்டாங்கம்மா? அந்தப் பேச்சே கெடையாது. எத்தனையோ பேர் வந்து கேட்டாங்க, நெட்டு வெச்சுக்கங்க, தொழில் பெருகும்னு. வெளிய ஒரு ஒயர் போகக் கூடாதுன்னு சொல்லிட்டேன், வாங்குன நாள்லருந்து கரண்டு, ஜாதகம் அச்செடுக்கற பிரிண்டர் தவிர எதையும் சொருகுனதில்ல, என்னையத் தவிர ஒருத்தர் கை வெச்சதில்லன்னேன்.

எழுதிக்கிட்டிருந்தவரு பேனாவ நிறுத்திட்டாரு. அந்தம்மா கண்ணாடியக் கழட்டி என்னையப் பாத்தாங்க, அப்புறம் கடைக்காரத் தம்பியப் பாத்தாங்க. இவ்வளவு பத்தரமா வெச்சிருக்கற ஆளானு நெனச்சிருப்பாங்க. அந்தத் தம்பி பேச வாயத் தொறந்தான், அப்புறம் என்னையப் பாத்துட்டுச் சட்டுனு மாத்திக்கிட்டான். அம்மா, இவுங்க வயசுல பெரியவங்க, இத்தன நாளா அலையறாங்க, நான் முழுப் பணமும் குடுத்துடறேன், மெஷின எடுத்துக்கறேன், கேஸ முடிச்சுக்கலாம்னான். பாத்தியா! மூளைக்கு மட்டும் கேட்டேன், முழுசாக் குடுத்துட்டான். தப்பு அவங்க மேல இல்லைன்னா எவனாவது குடுப்பானா?

பணம் இருக்கட்டும்ங்க, ஓட்டை மெஷின்லதான்னு ஒரு வரி எழுதிக் குடுங்கன்னேன். அந்தம்மா மெதுவா, அத எழுத முடியாதும்மா, நல்லெண்ணத்துல பணம் திருப்பித் தரப்பட்டதுன்னு எழுதலாம்னாங்க. சரி, நல்லெண்ணம்னா நல்லதுதானே, எழுதுங்கன்னேன். மெஷின அங்கயே குடுத்துட்டேன்.

உள்ள இருந்ததையெல்லாம் அழிச்சனாவா? எதுக்கு அழிக்கணும்? பாஸ்வேர்டு இல்லாம அவங்களால தொறக்கவே முடியாதே.

வெளிய வந்தேன். சொர்ணா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்கூடவே நடந்து வந்தா. பக்கத்துல நடந்தா, அது போதாதா? நான்தான் பேசிக்கிட்டே வந்தேன். கோபி பஸ்ஸு கெளம்பற மாதிரி நிக்குது. அவ என்ற கையப் புடிச்சா. எத்தன நாளாச்சு தெரியுமா அந்தக் கை பட்டு? சொன்னா, ஏ வசந்தா, எனக்கு அந்தக் காகிதம் வேண்டாம்டி. ஆமா சொர்ணா, எங்கயோ வாய் தவறிடுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லு. நீ கெட்ட எண்ணத்துல சொல்லியிருக்கமாட்ட, எனக்குத் தெரியும். அத மட்டும் சொல்லு, ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போயிடலாம்.

நான் என்ன கண்ணு பண்றது? பண்ணாத ஒண்ண எப்படிப் பண்ணேன்னு சொல்றது? வேணும்னா சொல்லித் தொலைச்சிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா கோர்ட்டே பணத்தக் குடுத்து அனுப்பியிருக்குது, இப்பப் போயி நான் தப்புன்னு ஒத்துக்கிட்டா இத்தன நாள் அலைஞ்சதுக்கு என்ன அர்த்தம்? ஏ சொர்ணா, மெஷின்லதான்டி ஓட்டைன்னு மறுபடியும் ஆரம்பிச்சேன். பேப்பர்ல வந்தது, கடைக்காரத் தம்பி ஒட்டுப் போடறேன்னது, எல்லாம் முதல்லருந்து. அவ கைய விட்டுட்டா. பஸ்ல ஏறி ரெண்டு பேர் சீட்டுல உக்காந்தா. நானும் பின்னாலயே படியில கால வெச்சேன். அவ என்னையப் பாத்துக்கிட்டே பக்கத்து எடத்துல அவ பையத் தூக்கி வெச்சா.

நான் எறங்கிட்டேன். அந்த பஸ் போயிடுச்சு.

அப்புறம் சித்த நேரம் அங்கயே நின்னேன். இந்த பஸ் வந்துச்சு. ஏறிப் பாத்தா எடமே இல்ல, எல்லாருமே பக்கத்துல எதையோ வெச்சிருக்காங்க. நீதான் என்னையப் பாத்ததும் பையத் தூக்கி மடில வெச்சுக்கிட்டு, உக்காருங்கம்மான்னு சொன்ன. கோபி வர இன்னும் நேரமிருக்குதல்ல? அதுவரைக்கும் பேசிட்டு வரலாம்னுதான் இதெல்லாம் சொன்னேன். வேற யார்கிட்டச் சொல்றது கண்ணு, எனக்கு இருந்தது அவ ஒருத்திதான்.